குழந்தை விளையாடிய சீட்டுக்கட்டு

பின்னக் கூட்டலில் பிள்ளைகள் செய்கிற ஒரு தவறு உண்டு. அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னால், மேலே இருப்பதை மேலே இருப்பதோடும் கீழே இருப்பதைக் கீழே இருப்பதோடும் கூட்டி ‘ஐந்தில் இரண்டு’ என்று எழுதி வைப்பார்கள். டீச்சர் சிவப்பு மையால் சுழித்துவிட்டு, அரையோடு இன்னொன்றைச் சேர்த்தால் அது அரையைவிடக் குறைந்துபோகுமா என்று கேட்பார். நியாயமான கேள்விதான். ஆனால் டீச்சர் சுழித்த அதே கூட்டல் சரியாக அமையும் இடங்கள் உலகத்தில் ஏராளம். நேற்று 2 முறை பந்தை உதைத்ததில் 1 கோல், இன்று 3 முறை உதைத்ததில் 1 கோல் என்றால் மொத்தம் 5-க்கு 2. இங்கே மேலதை மேலதோடும் கீழதைக் கீழதோடும்தான் கூட்டியாக வேண்டும். மருத்துவமனையில் எத்தனை பேருக்கு எத்தனை பேர் பிழைத்தார்கள், கல்லூரியில் எத்தனை பேரில் எத்தனை பேருக்கு இடம் கிடைத்தது என்று நாம் நாள்தோறும் வாசிக்கிற சதவீதங்கள் எல்லாம் இந்தக் கூட்டலில் பிறந்தவையே.

இந்தக் கூட்டலுக்கு ஒரு விசித்திரமான சுபாவம் இருக்கிறது. பல வருடங்களாக அதை நான் ஒரு நல்ல வெண்பாவைப் போல மனதில் வைத்து உருட்டிக்கொண்டிருக்கிறேன். அதன் மிகச் சிறிய வடிவத்தை முதலில் காட்டிவிடுகிறேன்.

அக்கா, தங்கை இருவரும் இரண்டு நாள் உட்கார்ந்து கணக்குப் போடுகிறார்கள். முதல் நாள் கடினமான பாடம். அக்கா 5 கணக்குகளை எடுத்து 1 சரியாகப் போடுகிறாள். தங்கை 8 எடுத்து 2. மறுநாள் சுலபமான பாடம். அக்காவுக்கு 8-க்கு 6 சரி; தங்கைக்கு 5-க்கு 4. முதல் நாள் அக்காவுக்கு 20 சதவீதம், தங்கைக்கு 25. மறுநாள் அக்காவுக்கு 75, தங்கைக்கு 80. இரண்டு நாளும் தங்கைதான் முன்னால். இப்போது மொத்தத்தைப் பாருங்கள். அக்கா 13-க்கு 7. தங்கை 13-க்கு 6. முந்தியது அக்கா!

முதல் தடவை பார்க்கிறவர்கள் எங்கோ கூட்டலில் பிசகிவிட்டது என்று விரல்விட்டு எண்ணுவார்கள். நானும் எண்ணினேன். பிசகு எதுவும் கிடையாது. அதற்குப் பிறகுதான் இதன் வேலைப்பாடு கண்ணில் படுகிறது. இருவரும் எடுத்தது ஆளுக்கு 13 கணக்குதான். உழைப்பில் ஏற்றத்தாழ்வு என்று சாக்குச் சொல்ல வழியில்லை. அக்காவின் 5-ம் 8-ம் தங்கையிடம் 8-ம் 5-மாக இடம் மாறியிருக்கின்றன, அவ்வளவே. தங்கை தன் நேரத்தின் பெரும்பகுதியைக் கடினமான நாளுக்குக் கொடுத்தாள். அக்கா சுலபமான நாளில் நிறையப் போட்டாள். மொத்தம் என்று கூட்டியவுடன் அந்த வித்தியாசம் மறைந்து, அக்கா 7, தங்கை 6 என்பது மட்டும் எஞ்சுகிறது.

கட்டம் போட்ட தாள் இருந்தால் இதைப் படமாகவே பார்த்துவிடலாம். எடுத்த கணக்குக்கு ஒரு கட்டம் வலப்பக்கம், சரியாகப் போட்ட கணக்குக்கு ஒரு கட்டம் மேலே. அக்காவின் பாதை வலப்பக்கம் 5, மேலே 1. பிறகு வலப்பக்கம் 8, மேலே 6. தங்கையின் பாதை வலப்பக்கம் 8, மேலே 2. பிறகு வலப்பக்கம் 5, மேலே 4. இரண்டு ஏற்றங்களிலும் தங்கையின் கோடுதான் செங்குத்து அதிகம். ஆனாலும் அவள் ஒரு கட்டம் கீழே போய் நிற்கிறாள். சமதரையில் நெடுந்தூரம் நடந்துவிட்டு, மலை ஏற வந்தபோது அவளுக்குக் கொஞ்ச தூரமே மிச்சம் இருந்தது. இந்தப் படத்தை வரைந்து பார்த்தவருக்கு அப்புறம் விளக்கம் தேவைப்படாது.

புள்ளியியலில் இதற்குச் சிம்ப்சன் முரண் என்று பெயர். கார்ல் பியர்சனும் அவருடன் பணிசெய்தவர்களும் 1899-லேயே இதன் வாசனையைப் பிடித்திருந்தார்கள். உட்னி யூல் 1903-ல் இதைத் தெளிவாகவே எழுதினார். எட்வர்ட் சிம்ப்சன் 1951-ல் எழுதிய கட்டுரையை வைத்து, 1972-ல் காலின் பிளைத் இதற்குச் சிம்ப்சனின் பெயரைச் சூட்டினார். முதலில் கண்டவரின் பெயர் நிலைக்கவில்லையே என்று ஆதங்கப்படுகிறவர்கள் உண்டு. சிம்ப்சனின் கட்டுரையை மெதுவாகப் படித்தவர்களுக்கு அந்த ஆதங்கம் குறையும் என்பது என் எண்ணம். அதற்குப் பிறகு வருகிறேன்.

பெயர் பெற்ற உதாரணம் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கிடைத்தது. 1973 இலையுதிர் காலத்தில் மேற்படிப்புக்கு வந்த விண்ணப்பங்கள் 12,763. விண்ணப்பித்த 8,442 ஆண்களில் 44 சதவீதத்தினருக்கு இடம் கிடைத்தது. 4,321 பெண்களில் 35 சதவீதத்தினருக்கு. ஒன்பது புள்ளி இடைவெளி. இத்தனை பெரிய எண்ணிக்கையில் இது தற்செயலாக வர வாய்ப்பே இல்லை. பெண்களை ஒதுக்குகிறார்கள் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

புள்ளியியலாளர் பீட்டர் பிக்கல், மானுடவியலாளர் யூஜின் ஹாமல், வில்லியம் ஓ’கானல் மூவரும் இதை ஆராய்ந்து 1975 பிப்ரவரியில் ‘சயன்ஸ்’ இதழில் எழுதினார்கள். அவர்கள் கேட்ட கேள்வி எளியது. சேர்க்கையை முடிவு செய்வது பல்கலைக்கழகம் மொத்தமாக அல்லவே, ஒவ்வொரு துறையும் தனித்தனியாகத்தானே? அப்படியானால் ஒதுக்குகிற துறை எது? துறை துறையாகத் தேடிப் போனார்கள். எடுத்துக்கொண்ட 85 துறைகளில் பெண்களுக்குப் பாதகமாகக் கவனிக்கும்படி சாய்ந்திருந்தவை 4. ஆண்களுக்குப் பாதகமாகச் சாய்ந்திருந்தவை 6.

மிகப் பெரிய ஆறு துறைகளின் கணக்கு இன்று புள்ளியியல் பாடப்புத்தகங்களில் இருக்கிறது. ஆர் என்கிற இலவச மென்பொருளை நிறுவினால் அதோடு சேர்ந்தே அந்த அட்டவணை நம் கணினிக்கு வந்துவிடும். துறைகளின் பெயரைச் சொல்லாமல் ஏ முதல் எஃப் வரை எழுத்து மட்டும் கொடுத்திருப்பார்கள். நான் அந்த அட்டவணையை அடிக்கடி திறந்து பார்ப்பவன். பன்னிரண்டு வரிசைகளுக்குள் ஒரு நாவல் இருக்கிறது.

ஏ துறையில் 825 ஆண்கள் விண்ணப்பித்து 512 பேர் இடம் பெற்றார்கள், 62 சதவீதம். பெண்கள் 108 பேர்தான் வந்தார்கள். அவர்களில் 89 பேருக்கு இடம் கிடைத்தது, 82 சதவீதம். பி துறையில் 560 ஆண்களுக்கு 353, பெண்கள் வெறும் 25 பேருக்கு 17. அதாவது 63 சதவீதமும் 68 சதவீதமும். கதவு அகலத் திறந்திருந்த துறைகள் இவை இரண்டு. அந்தப் பக்கம் வந்த பெண்கள் எத்தனை பேர்? 133. ஆறு துறைகளுக்கும் விண்ணப்பித்த 1,835 பெண்களில் இது 7 சதவீதம். ஆண்களிலோ 2,691-க்கு 1,385 பேர், பாதிக்கு மேல், இந்த இரண்டு வாசலில்தான் நின்றிருக்கிறார்கள்.

இனி எஃப் துறைக்குப் போங்கள். ஆண்கள் 373 பேர் கேட்டு 22 பேருக்கு இடம். பெண்கள் 341 பேர் கேட்டு 24 பேருக்கு. 6 சதவீதமும் 7 சதவீதமும். அங்கே ஆண், பெண் யாருக்கும் ஏறக்குறைய இடமே இல்லை. ஆறு துறைகளையும் சேர்த்தால் ஆண்களுக்கு 44.5 சதவீதம், பெண்களுக்கு 30.4. பிரித்துப் பார்த்தால் நான்கு துறைகளில் பெண்களின் கை ஓங்கியிருக்கிறது. சி, இ என்ற இரண்டில் மட்டும் ஆண்கள் மூன்று நான்கு புள்ளி முன்னால். இந்த இரண்டு துறைகளும் எனக்குப் பிடிக்கும். பாடத்துக்காக இட்டுக்கட்டிய கணக்காக இருந்தால் ஆறிலும் பெண்களை முன்னால் நிறுத்தியிருப்பார்கள். நிஜ உலகத்திலிருந்து வந்த அட்டவணை அப்படிச் சொன்னபடி கேட்டு நிற்காது.

மூவரும் தங்கள் கட்டுரையில் ஒரு மீன்வலையைச் சொல்லி இதை விளங்க வைக்கிறார்கள். ஒரே வலையில் ஒரு பகுதியில் பெரிய கண், மறு பகுதியில் சிறிய கண். மீன்கள் எல்லாம் ஒரே பருமன். ஆண் மீன்கள் பெரிய கண் இருக்கிற பக்கமாகவும் பெண் மீன்கள் சிறிய கண் இருக்கிற பக்கமாகவும் போய் முட்டுகின்றன. வலைக்கு அப்பால் போய்ச் சேர்ந்தவை பெரும்பாலும் ஆண் மீன்கள். தன்மீது முட்டுவது ஆண் மீனா பெண் மீனா என்று வலைக்கண்ணுக்குத் தெரியாது. கடற்கரைக்காரர் யாரும் இதை ஒரே மூச்சில் புரிந்துகொள்வார். வலைக்கண்ணின் அளவை வைத்து இன்ன மீன் விழும் என்று சொல்பவர்கள் அவர்கள்.

இந்த உதாரணத்தைச் சொல்கிற பலர் இந்த இடத்தில் ‘ஆகவே பாகுபாடு இல்லை’ என்று முடித்துவிடுகிறார்கள். அந்தக் கட்டுரைக்கு அவர்கள் செய்யும் அநியாயம் அது. மூவரும் பல்கலைக்கழகத்துக்கு நற்சான்று எழுதிக் கொடுத்துவிட்டு எழுந்து போகவில்லை. பெண் மீன்கள் ஏன் சிறிய கண் பக்கமே போயின என்று தொடர்ந்து கேட்டார்கள். இடம் தாராளமாக இருந்த துறைகளில் பல, பள்ளியிலிருந்தே கணிதம் படித்து வந்தவர்களைக் கேட்பவை. பெண் பிள்ளைகளை அந்தப் பாதையிலிருந்து வளர்ப்பும் பள்ளியும் முன்னாலேயே திருப்பிவிட்டிருந்தன; கூட்டம் அதிகமும் பணம் குறைவுமாக இருந்த துறைகளுக்கு அவர்கள் வந்து சேர்ந்தார்கள். அநியாயம் இருந்தது. மொத்தக் கணக்கு கைகாட்டிய வாசலில் இல்லாமல், பல வருடத்துக்கு முன்பே வேறொரு வாசலில் நடந்துவிட்டிருந்தது. கட்டுரையின் கடைசிப் பகுதியை விட்டுவிட்டு அட்டவணையை மட்டும் எடுத்துக்கொள்பவர்கள் அதன் இதயத்தை விட்டுவிடுகிறார்கள்.

வேறு ரசனைக்கு இன்னொன்று. 1986-ல் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ இதழில் சிறுநீரகக் கல்லை அகற்றும் முறைகளை ஒப்பிட்டு ஒரு கட்டுரை வந்தது. உடலைத் திறந்து செய்யும் அறுவை ஒன்று. முதுகுப் பக்கம் சிறு துளையிட்டுக் கருவி நுழைத்துக் கல்லை எடுப்பது மற்றொன்று. இரண்டிலும் 350 பேர். திறந்த அறுவையில் 273 பேருக்கு வெற்றி, 78 சதவீதம். துளையிட்ட முறையில் 289 பேருக்கு, 83 சதவீதம். கல்லின் அளவைக் கொண்டு பிரித்தால் இது தலைகீழாகிறது. 2 சென்டிமீட்டருக்கு உட்பட்ட கல் என்றால் திறந்த அறுவையில் 87-க்கு 81, அதாவது 93 சதவீதம். துளையில் 270-க்கு 234, 87 சதவீதம். பெரிய கல் என்றால் 263-க்கு 192, 73 சதவீதம். துளையில் 80-க்கு 55, 69 சதவீதம். இரண்டிலும் திறந்த அறுவைக்கே வெற்றி அதிகம். ஆனால் பெரிய கல்காரர்கள் 343 பேரில் 263 பேர் திறந்த அறுவைக்கு வந்தவர்கள். கஷ்டமான வேலையில் பெரும்பகுதி அதன் தலையில் விழுந்திருந்தது.

இந்த எண்களை ஒரு ராத்திரி தாளும் பேனாவுமாக வைத்துப் பார்த்தேன். 700 பேரையும் ஒன்றாகச் சேர்த்தால் சிறிய கல் 357, பெரிய கல் 343. இந்த 700 பேரும் திறந்த அறுவைக்கே போயிருந்தால், மேலே சொன்ன விகிதங்களின்படி, எத்தனை பேருக்கு வெற்றி? ஏறத்தாழ 583 பேருக்கு, 83 சதவீதம். எல்லாரும் துளை முறைக்குப் போயிருந்தால்? 545 பேருக்கு, 78 சதவீதம். முதலில் பார்த்த அதே 78-ம் 83-ம்தான், கண்ணாடியில் பார்த்ததுபோல் இடம் மாறி நிற்கின்றன. இப்படி அச்சாக மாற வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. இந்த எண்களுக்கு அப்படி அமைந்துவிட்டது. பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டுரை வந்து எட்டு வருடம் கழித்து, 1994-ல், அதே இதழில் ஜூலியஸ், முல்லீ என்ற இருவர் இதைச் சிம்ப்சன் முரண் என்று அடையாளம் காட்டினார்கள். கண்ணாடி முகம் காட்டுவதற்கு எட்டு வருடம் பிடித்தது.

இங்கிலாந்தின் விக்கம் என்ற இடத்தில் 1970-களின் தொடக்கத்தில் 1,314 பெண்களைப் பதிவு செய்து இருபது வருடம் கழித்துப் பார்த்தபோது, புகைப்பவர்கள் 582 பேரில் 139 பேர் இறந்திருந்தார்கள். புகைக்காத 732 பேரில் 230 பேர். 24 சதவீதம், 31 சதவீதம். புகைத்தால் ஆயுள் கூடும் என்றல்லவா இது சொல்கிறது! பதிவின்போது 65 வயதைத் தாண்டியவர்கள் புகைப்பவர்களில் 49 பேர்தான். புகைக்காதவர்களில் 193 பேர். முதுமை கொண்டுபோனவர்களின் கணக்கு புகைக்காத பக்கம் ஏறிவிட்டது. 55-லிருந்து 64 வரையிலான வயதினரை மட்டும் எடுத்தால் புகைப்பவர்கள் 115-க்கு 51 பேரும் புகைக்காதவர்கள் 121-க்கு 40 பேரும் போயிருக்கிறார்கள். இது போதும், விக்கத்தை விட்டு நகரலாம்.

நகர முடியாத ஓர் அட்டவணை இருக்கிறது. அதை ரசிப்பது என்று சொல்ல நா கூசுகிறது. ஆனாலும் அதைப் பார்க்காமல் இந்தக் கணக்கின் கனம் தெரியாது. மைக்கேல் ராடலே 1981-ல் வெளியிட்டது. அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் 1976, 77 ஆண்டுகளின் கொலை வழக்குகள். குற்றம் சாட்டப்பட்ட வெள்ளையர் 160 பேரில் 19 பேருக்கு மரண தண்டனை. கறுப்பர் 166 பேரில் 17 பேருக்கு. 12 சதவீதம், 10 சதவீதம். நிறம் பார்க்கவில்லை, பார்த்தாலும் வெள்ளையருக்குத்தான் சற்றுக் கடுமை என்று தோன்றும்.

கொலையுண்டவர் யார் என்ற ஒரு கேள்வியை மட்டும் சேர்த்துப் பிரியுங்கள். வெள்ளையர் கொல்லப்பட்ட வழக்குகளில் வெள்ளையர் 151-க்கு 19, கறுப்பர் 63-க்கு 11. அதாவது 13 சதவீதம், 17 சதவீதம். கறுப்பர் கொல்லப்பட்ட வழக்குகளில் கறுப்பர் 103-க்கு 6. வெள்ளையர் 9 பேர். மரண தண்டனை 0.

அந்தப் பூஜ்யத்தின் மேல் என் கண் நின்றுவிடும். இரண்டு பிரிவிலும் கறுப்பருக்கே தண்டனை கூடுதல். மொத்தத்தில் அது ஏன் தெரியவில்லை? வெள்ளையர் மேலிருந்த வழக்குகள் பெரும்பாலும் வெள்ளையரைக் கொன்றவை. கறுப்பர் மேலிருந்தவை அதிகமும் கறுப்பரைக் கொன்றவை. கறுப்பர் உயிர் போன வழக்கில் மரண தண்டனையே அபூர்வம். செத்தவர் உயிரின் விலையைக் குறைத்து வைத்திருந்த ஒரு வழக்கம், குற்றம் சாட்டப்பட்டவருக்குக் கிடைத்த அநீதியைக் கணக்கில் மூடிவிட்டது. ஓர் அநியாயம் இன்னோர் அநியாயத்தை மறைத்து, கூட்டிப் பார்த்தால் நியாயம் போலத் தெரிகிறது. பெர்க்லியில் கூட்டல், பழி இல்லாத இடத்தில் பழியைக் காட்டியது. ஃப்ளோரிடாவில் இருந்த பழியை விழுங்கியது.

இவ்வளவும் பார்த்தவர்களுக்கு ஒரு முடிவு மனதில் தோன்றும். எதையும் கூட்டிப் பார்க்காதே, பிரித்துப் பார். பிரித்தால் உண்மை தெரியும். எனக்கும் வெகுகாலம் அப்படித்தான் இருந்தது. அந்த எண்ணத்தைக் கலைத்தது சிம்ப்சனின் 1951 கட்டுரை. இரண்டாம் உலகப் போரின்போது பிளெட்ச்லி பார்க்கில் எதிரிகளின் ரகசியச் செய்திகளை உடைக்கும் குழுவில் வேலை பார்த்தவர் அவர். போருக்குப் பிறகு புள்ளியியலில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு அரசுப் பணிக்குப் போய்விட்டார். அவர் விட்டுப்போன அந்தச் சிறிய கட்டுரையில் ஒரு சீட்டுக்கட்டு வருகிறது.

ஒருவர் சீட்டுக்கட்டை எடுத்து, ராஜா, ராணி, ஜாக்கி ஆகிய படச்சீட்டுகளுக்கும் நிறத்துக்கும் சம்பந்தம் உண்டா என்று பார்க்கிறார். அந்தக் கட்டோடு வீட்டுக் குழந்தை அடிக்கடி விளையாடியிருக்கிறது. அதனால் சில சீட்டுகளில் அழுக்கு. அவர் அழுக்குச் சீட்டுகளைத் தனியாகவும் சுத்தமானவற்றைத் தனியாகவும் எண்ணுகிறார். அவ்வளவுதான் கதை.

இதைக் காகிதத்தில் படிப்பதைவிடக் கையால் செய்து பார்க்க வேண்டும். நான் பாயை விரித்து ஒரு கட்டைப் பிரித்துப் போட்டேன். அழுக்குப் பக்கம் 20 சீட்டு. சிவப்புப் படம் 4: ஆர்ட்டினிலும் டைமண்டிலும் ராஜா, ராணி. கறுப்புப் படம் 3: இஸ்பேட்டு ராஜா, ராணி, கிளாவர் ராணி. சிவப்பு எண் சீட்டு 8, கறுப்பு எண் சீட்டு 5. எந்தச் சீட்டு என்பது என் தேர்வு, எண்ணிக்கை சிம்ப்சனுடையது. சுத்தமான பக்கம் 32. சிவப்புப் படம் 2, கறுப்புப் படம் 3, சிவப்பு எண் 12, கறுப்பு எண் 15.

அழுக்குப் பக்கம் சிவப்பு மொத்தம் 12, அதில் படம் 4, மூன்றில் ஒன்று. கறுப்பு 8-ல் படம் 3, எட்டில் மூன்று. கறுப்பில் படம் கொஞ்சம் அதிகம். சுத்தமான பக்கம் சிவப்பு 14-ல் 2, ஏழில் ஒன்று. கறுப்பு 18-ல் 3, ஆறில் ஒன்று. இங்கும் கறுப்பில்தான் அதிகம். இரண்டு பக்கமும் ஒரே சாட்சி சொல்கின்றன. கறுப்புச் சீட்டில் படம் கூடுதல்!

இரண்டு குவியலையும் ஒன்றாகத் தள்ளினேன். சிவப்பு 26-ல் படம் 6. கறுப்பு 26-ல் படம் 6. சீட்டுக்கட்டு என்றால் அப்படித்தானே இருக்கும்! நான்கு சாதிக்கும் மூன்று மூன்று படம் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பிரித்தபோது இரண்டு சாட்சிகளும் சொன்னது வீண் பேச்சு. கூட்டியதுதான் உண்மை. யாருக்கும் ஏற்கெனவே விடை தெரிந்த ஒரு பொருளை, 52 என்று கணக்குத் தீர்ந்த ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்தாரே, அந்தத் தேர்வில்தான் அவருடைய கைத்திறமை இருக்கிறது. வேறு எதைச் சொல்லியிருந்தாலும் நாம் பிரித்த கணக்கையே நம்பியிருப்போம்.

அடுத்த வரியில் அவர் செய்வது இன்னும் மேலே. எண்களில் ஒன்றைக்கூடத் தொடாமல் பெயர்களை மட்டும் மாற்றுகிறார். அழுக்குச் சீட்டு ஆண் நோயாளி ஆகிறது, சுத்தமான சீட்டு பெண் நோயாளி. படம் என்றால் சிகிச்சை பெறாதவர். எண் என்றால் பெற்றவர். சிவப்பு பிழைத்தவர், கறுப்பு இறந்தவர். பாயில் கிடந்த சீட்டுகளை அப்படி நினைத்துப் பார்த்தேன். ஆர்ட்டின் ராஜா சிகிச்சை இல்லாமலே பிழைத்துக்கொண்ட ஓர் ஆண். சுத்தமான பக்கம் கிடந்த கிளாவர் ராஜா சிகிச்சை கிடைக்காமல் இறந்துபோன ஒரு பெண். ஆண்களில் சிகிச்சை பெறாத 7 பேரில் 4 பேர் பிழைத்தார்கள், 57 சதவீதம். பெற்ற 13 பேரில் 8, 62 சதவீதம். பெண்களில் பெறாத 5-க்கு 2, 40 சதவீதம். பெற்ற 27-க்கு 12, 44 சதவீதம். மருந்து ஆணுக்கும் உதவுகிறது, பெண்ணுக்கும் உதவுகிறது. குவியல்களைச் சேர்த்தால்? பெறாதவர் 12-க்கு 6. பெற்றவர் 40-க்கு 20. பாதிக்குப் பாதி, மருந்தால் ஒரு பயனும் இல்லை.

ஆணுக்கும் நல்லது, பெண்ணுக்கும் நல்லது, மனிதருக்கு மட்டும் பயனில்லை என்று எந்த வைத்தியரும் சொல்ல முடியாது. இங்கே பிரித்ததுதான் உண்மை, கூட்டியது வீண். அதே 52 சீட்டு. அதே 4, 3, 8, 5. அதே 2, 3, 12, 15. சற்று முன் கூட்டல் சொன்னதை நம்பினோம். இப்போது பிரித்தல் சொல்வதை நம்புகிறோம். எண்களுக்குள் எவ்வளவு துழாவினாலும் எதை நம்புவது என்பதற்கான குறிப்பு அகப்படாது. அது அழுக்கு எப்படி வந்தது, ஆண் பெண் எப்படி வந்தது என்ற கதையில் இருக்கிறது. நோயாளி மருந்து குடிப்பதற்கு முன்பே ஆணாகவோ பெண்ணாகவோ வந்துவிட்டார். சீட்டில் அழுக்கு, படமும் நிறமும் அச்சான பிறகு, அவற்றைப் பார்த்து ஆசைப்பட்ட விரல்களால் வந்தது. பல ஆண்டுகள் கழித்து ஜூடியா பேர்ல் காரணங்களை அம்புக்குறிகளால் வரைந்து காட்டும் முறையைக் கொண்டுவந்தபோது, இந்த வித்தியாசத்துக்கு ஓர் இலக்கணம் கிடைத்தது. ஆனால் அதன் விதை சிம்ப்சன் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போன ஒரு குறிப்பில் இருக்கிறது. அந்தக் குழந்தைக்குக் கறுப்பைவிடச் சிவப்புப் பிடிக்கும், எண் சீட்டைவிடப் படச்சீட்டு பிடிக்கும் என்கிறார்.

நான் திரும்பவும் எண்ணிப் பார்த்தேன். சிவப்பு 26-ல் 12 அழுக்கு, கறுப்பு 26-ல் 8. படம் 12-ல் 7 அழுக்கு, எண் 40-ல் 13. ஆமாம், குழந்தை அப்படித்தான் விளையாடியிருக்கிறது. ராஜாவின் கிரீடத்தையும் ராணியின் பூவையும் சிவப்பு நிறத்தையும் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்திருக்கிறது. படம் இருந்தால் நிறம் எதுவானாலும் கை போயிருக்கும். படம் இல்லாத சீட்டு என்றால் சிவப்பாக இருந்தால்தான் அதிகம் போயிருக்கும். அதனால்தான் அழுக்குக் குவியலில் கறுப்பாகக் கிடப்பதில் படம் மிகுந்து நிற்கிறது. அந்தச் சின்ன விரல்களின் ஆசை, எண்ணுகிறவருக்கு ஒரு விதி போலத் தெரிந்துவிட்டது.

என் வீட்டுக் கட்டு புதியது; அதில் அழுக்கு இல்லை. பிரிப்பதற்காக 20 சீட்டுகளின் மூலையில் பென்சிலால் சிறு புள்ளி வைத்திருந்தேன். எல்லாவற்றையும் சேர்த்துத் தட்டி அடுக்கியபோது புள்ளிகளை அழிக்கலாமா என்று ரப்பரை எடுத்தேன். அழிக்கவில்லை. ஆர்ட்டின் ராஜாவை மேலே வைத்து, கட்டை அப்படியே பெட்டிக்குள் போட்டேன்.